பாட்டு யாருது?

காட்டூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். தஞ்சாவூர் ரோட்டை ஒட்டிய மண்டபம். வெளியே துவாக்குடி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போக, உள்ளே மெல்லிசைக் குழு தன் பங்குக்கு அலறிக்கொண்டிருந்தது. பந்தியில் இடம் கிடைக்காத நாலைந்து பேர், வேறு வழியில்லாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பாடிய பையனுக்கு இருபது வயதிருந்தால் அதிகம். நல்ல குரல். மைக்கைப் பிடித்து, "அடுத்ததாக 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்திலிருந்து ஒரு சூப்பர் ஹிட் பாடல்" என்றான். 'கண்மணி அன்போடு காதலன்' தொடங்கியது. மாப்பிள்ளையின் நண்பர்கள் செல்போன் விளக்கைப் போட்டு அசைத்தார்கள்.

என் பக்கத்தில் இருந்தவர், பெல் கம்பெனியில் ரிட்டயர் ஆனவர், தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன சார் அநியாயம்! இது 'குணா' பாட்டு சார். தொண்ணூத்தியொண்ணுல வந்தது. கமல் படம்."

"சரி, பாட்டு எழுதினது யாரு சார்?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "கண்ணதாசன்?"

"அவர் போய்ப் பத்து வருஷம் கழிச்சு வந்த படம் சார் அது."

"அப்ப வைரமுத்து."

"வாலி சார். நம்ம சீரங்கத்து வாலி."

"அட!" என்றார். அந்த 'அட'வுக்குள் கொஞ்சம் வெட்கமும் இருந்தது. மேடையில் நின்ற பையனுக்குப் படம் தெரியவில்லை. அவனைத் திட்டியவருக்கு எழுதியவரைத் தெரியவில்லை. 2024-ல் அந்த மலையாளப் படம் தமிழ்நாட்டையே ஒரு கலக்குக் கலக்கியது. மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து படக் குழுவுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. பாட்டு யாருக்குச் சொந்தம் என்று டீக்கடை வரைக்கும் விவாதம். எங்கள் ஊர் டீக்கடையில் அந்த விவாதம் முழுக்க நடந்து முடிந்தது. வாலி என்ற பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. டீக்கடைக்கும் சீரங்கத்துக்கும் நடுவே ஒரு காவிரிதான்.

பாட்டு முடிந்ததும் மேடைக்குப் போய்ப் பையனிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று எழுந்தேன். இரண்டு எட்டு வைத்ததும் கால் நின்றுவிட்டது.

அடுத்தவனைத் திருத்துகிற யோக்கியதை எனக்கு உண்டா? அதற்கு முன்னால் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

*

எண்பதுகளில் எங்கள் காட்டூரில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. நான் அதில் அறிவிப்பாளன். பாட வராது, வாசிக்க வராது, ஆனால் மேடையில் நிற்க ஆசை. இப்படிப்பட்டவர்களுக்காகவே உண்டாக்கப்பட்ட வேலை அது.

எனக்கு குரு இலங்கை வானொலி. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்று அந்தப் பெயர்களைக் கேட்டால் இப்போதும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். அவர்கள் ஒரு பாட்டைச் சும்மா போட மாட்டார்கள். படம், பாடியவர், இசை, எழுதியவர் என்று ஜாதகமே சொல்வார்கள். திருச்சி வானொலியிலும் அந்தப் பழக்கம் உண்டு. வீட்டில் ரேடியோ ஓடும்போது அப்பா சத்தமாக, "எழுதினது யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்பார். சரியாகச் சொன்னால் பொட்டுக்கடலை. தப்பாகச் சொன்னால் அதற்கும் பொட்டுக்கடலை, கூடவே ஒரு குட்டு.

அப்பா ஒரு வெல்டர். திருவெறும்பூர் பக்கம் பாய்லர் உதிரி பாகம் செய்யும் பட்டறைகள் நிறைய. அதில் ஒன்றில் வேலை. சட்டை முழுக்கப் பொறி பட்ட ஓட்டைகள் இருக்கும். அந்த மனுஷனிடம்தான் நான் பாடலாசிரியர்களின் பெயர்களைக் கற்றுக்கொண்டேன்.

முதல் அடி எனக்கு 'பொன்மகள் வந்தாள்' பாட்டில் விழுந்தது. அரியமங்கலத்தில் ஒரு கச்சேரி. "கவியரசர் கண்ணதாசன் வரிகளில்..." என்று இழுத்து அறிவித்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, ஆலங்குடி சோமு!" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். "ஆமா, 'சொர்க்கம்' படம், எழுபதாம் வருஷம். விஸ்வநாதன் மியூசிக், டி.எம்.எஸ். பாட்டு. எழுதினது சோமுதான்" என்றவர், தட்டில் இருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "பெரிய மரத்துக்கிட்ட எந்த இலை விழுந்தாலும் அந்த மரத்து இலைன்னுதாண்டா ஜனங்க நினைக்கும்."

2007-ல் 'அழகிய தமிழ் மகன்' படத்தில் ரஹ்மான் அந்தப் பாட்டைப் புது மாதிரியாகப் போட்டார். விஜய் ஆடினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் பாடினார்கள். அப்போது அப்பா இல்லை. இருந்திருந்தால், "சோமு பேரைப் போட்டாங்களா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

அந்தப் பத்து வருஷம் ரீமிக்ஸ் காலம். 2003-ல் 'குறும்பு' படத்தில் யுவன், தன் அப்பா 'அடுத்த வாரிசு' படத்துக்குப் போட்ட 'ஆசை நூறு வகை'யை எடுத்துத் தட்டிவிட்டார். அதிலிருந்துதான் தமிழில் ரீமிக்ஸ் அலை ஆரம்பம் என்பார்கள். அடுத்த வருஷமே 'நியூ' படத்தில் 'தொட்டால் பூ மலரும்'. அது 1964-ல் வந்த 'படகோட்டி' பாட்டு. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. பாட்டெல்லாம் வாலி. அந்தப் படத்துப் பாட்டுகளைக் கண்ணதாசன் கணக்கில் எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வாலி சீரங்கத்தில் இருந்தபோது ஒரு முருகன் பாட்டை அஞ்சலட்டையில் எழுதி டி.எம்.எஸ்.ஸுக்கு அனுப்ப, அவர் மெட்டமைத்துப் பாடிய கதையை எங்கள் பக்கத்தில் கேட்காதவர்கள் குறைவு. 'கற்பனை என்றாலும்' என்று ஆரம்பிக்கும் பாட்டு அது. குரலைக் கேட்டதும் டி.எம்.எஸ். என்று சொல்லிவிடுகிறோம். அந்த அஞ்சலட்டை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

*

காட்டூரில் நின்று ஒரு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்கு வட்டம் போட்டுப் பாருங்கள். சங்கிலியாண்டபுரத்தில் எம்.கே.தியாகராஜ பாகவதர் சமாதி இருக்கிறது. 1944-ல் வந்து மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படத்தின் 'மன்மத லீலையை' பாகவதர் பாட்டு என்றுதான் ஊர் உலகம் சொல்லும். எழுதியவர் பாபநாசம் சிவன். கொள்ளிடத்தைத் தாண்டினால் பிச்சாண்டார்கோவில். இசையமைப்பாளர் ஜி.ராமநாதனின் ஊர். மலைக்கோட்டைப் பக்கம் வந்தால் திருச்சி லோகநாதன்.

லோகநாதனும் ஜிக்கியும் பாடிய 'வாராய் நீ வாராய்' 1950-ல் 'மந்திரி குமாரி' படத்தில் வந்தது. ராமநாதன் இசை. பாடியவரும் இசையமைத்தவரும் நம்ம ஜில்லா. இதைவிட உள்ளூர்ச் சரக்கு ஒரு பாட்டு இருக்க முடியுமா?

பொறுங்கள். அந்த மெட்டுக்கு மூலம் 'இட் ஹாப்பண்ட் இன் மான்டெரே' என்ற ஆங்கிலப் பாட்டு என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1930-ல் 'கிங் ஆஃப் ஜாஸ்' என்ற அமெரிக்கப் படத்தில் வந்தது. மெட்டுப் போட்டவர் மேபல் வெய்ன் என்ற பெண்மணி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கே புரியும். சரி, தமிழில் எழுதியவர் யார்? அந்தப் படத்துக்கு மருதகாசியும் எழுதினார், கா.மு.ஷெரீப்பும் எழுதினார். இந்தப் பாட்டை ஒரு பட்டியலில் அவர் பெயரிலும் இன்னொரு பட்டியலில் இவர் பெயரிலும் பார்த்திருக்கிறேன். எழுபத்தைந்து வருஷமாக ஊரே பாடுகிறது. மெட்டு யாருடையது, வரி யாருடையது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில்.

எங்கள் குழுவின் கிட்டாரிஸ்ட், பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆங்கிலோ இந்தியர். ஒத்திகை முடிந்ததும் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' வாசிப்பார். நாங்கள் "போனி எம்! போனி எம்!" என்று குதிப்போம். அவர் சிரித்துக்கொண்டே, "இல்ல மேன், ஜமைக்கா" என்பார். 'தி மெலோடியன்ஸ்' என்ற ஜமைக்கா குழு 1970-ல் பதிவு செய்த பாட்டு அது. வரிகள் பைபிள் சங்கீதத்திலிருந்து வந்தவை. 1978-ல் போனி எம் எடுத்துப் பாடியதும்தான் நம் ஊர் டேப் ரெக்கார்டர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

அவரிடமிருந்து பிடித்துக்கொண்ட வியாதிதான், வெளிநாட்டுப் பாட்டுக்கும் 'யாருது?' என்று தேடுவது. அப்படித் தேடியதில் தெரிந்துகொண்ட ஒரு கதை எனக்குத் தூக்கத்தையே கெடுத்தது. 'லயன் கிங்' படத்தில் காட்டுப்பன்றியும் கீரியும் பாடிக்கொண்டே போகுமே, சிங்கம் தூங்குகிறது என்று ஒரு பாட்டு? குழந்தைகள் உள்ள எல்லா வீட்டிலும் ஒலித்த பாட்டு. அதற்கு மூலம் 'எம்பூபே'. தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்ற ஜூலு தொழிலாளி, 1939-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் தன் குழுவோடு பாடிப் பதிவு செய்தது. அந்த இசைத்தட்டுக் கம்பெனியிலேயே கூலி வேலை பார்த்தவர் அவர். உரிமையைப் பத்து ஷில்லிங்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு குழு பாடியது; 1961-ல் 'தி டோக்கன்ஸ்' என்ற இன்னொரு குழு புது வரிகளோடு பாடி உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அடுத்த வருஷம் லிண்டா ஏழையாகச் செத்துப்போனார். அவருடைய மகள்கள் கோர்ட்டுக்குப் போய், ஒரு சமரசத்துக்கு வந்து, பணத்தில் பங்கு பெற்றது 2006-ல்.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்கு லிண்டா முகம் தெரியவில்லை. ஓட்டைச் சட்டையோடு அப்பா முகம்தான் தெரிந்தது.

*

1984-ல் எங்கள் தெரு மாரியம்மன் திருவிழாவுக்கு அப்பா ஒரு பாட்டு எழுதினார். நாற்பது பக்க நோட்டில், பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியது. எங்கள் குழுவில் பாடிய அக்காதான் மெட்டுக் கட்டினார். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் பதிவு செய்து, நூறு கேசட் போட்டுத் தெருவில் கொடுத்தோம்.

பாட்டில் ஒரு வரி வரும்: 'வெறுங்கண்ணால் பார்க்கத் தாங்கலையே தாயே, கருப்புக் கண்ணாடி போட்டு வந்தேனே.' வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் ராத்திரி முழுக்கக் கண்ணில் மண் அள்ளிப் போட்டது மாதிரி எரியும். அம்மன் முகத்து ஒளிக்கு அப்பாவுக்குத் தெரிந்த உவமை அது ஒன்றுதான்.

மூன்று வருஷம் கழித்து ஒரு ஆடி மாதம். டீக்கடைக் குழாய் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு வந்தது. வேறு குரல். பெரிய குரல், பெரிய ஆர்க்கெஸ்ட்ரா. வெளியூர்க் கம்பெனி ஒன்று போட்ட பக்திக் கேசட். அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே பாட்டு முடியும் வரை கேட்டார். சாயங்காலம் அந்தக் கேசட்டை வாங்கி வந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாடல் என்ற இடத்தில், 'பாரம்பரியம்' என்று போட்டிருந்தது.

அம்மா கொதித்துப் போனார். "பாரம்பரியத்துல எங்கேங்க வந்துச்சு வெல்டிங் கண்ணாடி? ஒரு லெட்டர் போடுங்க."

"யாருக்குடி போடறது, பாரம்பரியத்துக்கா?" என்று சிரித்தார் அப்பா. பிறகு, "நல்லாத்தான் பாடியிருக்கு அந்தம்மா" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

என் தப்பு இனிமேல்தான் வருகிறது.

அடுத்த வருஷம், 1988. திருவெறும்பூர் பக்கம் ஒரு கோயில் கச்சேரி. கூட்டம் அந்தக் கேசட் பாட்டைத்தான் கேட்டது. சீட்டுக்கு மேல் சீட்டு வந்தது. மைக் என் கையில். நான்காவது வரிசையில் அப்பா. பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கிறார், அதே ஓட்டைச் சட்டை.

ஒரு வாக்கியம் போதும். 'இந்தப் பாட்டை எழுதியவர் காட்டூர்க்காரர், இதோ இங்கே உட்கார்ந்திருக்கிறார்.' இலங்கை வானொலி பாணியில் அதை எத்தனை அழகாகச் சொல்லியிருக்கலாம்!

நான் சொன்னது, அந்தப் பிரபலப் பாடகியின் பெயரை மட்டும். "அவர் குரலில் நாடெங்கும் ஒலிக்கும் இந்தப் பாடல்" என்றேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

ஏன் சொல்லவில்லை? ஜனம் நம்பாது, சிரிக்கும் என்று நினைத்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிஜம் அது இல்லை. அந்தச் சட்டையைக் காட்டி 'இவர் என் அப்பா' என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இருபத்தியொரு வயசு.

கச்சேரி முடிந்து ஒரே சைக்கிளில் திரும்பினோம். அப்பா மிதிக்க, நான் பின்னால். கைலாசபுரம் திருப்பம் தாண்டும் வரை பேச்சில்லை.

"தபேலா கொஞ்சம் வேகமா எடுத்துட்டான்" என்றார்.

"ஆமாப்பா."

கொஞ்ச தூரம் போனதும், "பாட்டு யாருதுன்னு சொல்ல மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்பா."

"பரவால்ல. மேடையில நிக்கிறப்ப மறதி வரும்."

அவ்வளவுதான். அதன் பிறகு அவர் பாட்டு எழுதவில்லை. 2006-ல் போய்ச் சேரும் வரை அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை.

*

சட்டம் இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. 1977-ல் சுப்ரீம் கோர்ட், சினிமாவுக்காக எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பாட்டு தயாரிப்பாளருக்குத்தான் என்கிற மாதிரி தீர்ப்புச் சொன்னது. 2012 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை வேறு யாருக்கோ விட்டுக் கொடுக்கவும் முடியாது என்று ஆக்கினார்கள். ஒருவர் பாட்டை இன்னொருவர் குரலில் பதிவு செய்து விற்பதென்றால், மூலப் பாட்டு பதிவாகி ஐந்து வருஷமாவது கழிய வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும், இது மறுபதிவு என்று அட்டையில் தெளிவாகப் போட வேண்டும். இதெல்லாம் நல்ல விஷயம். நோட்டில் எழுதித் தெருவுக்குக் கொடுத்த வெல்டர்கள் கோர்ட் வாசல் வரைக்கும் போவார்களா என்பது வேறு விஷயம்.

அவர்களுக்கு நாம் தரக்கூடியது பெயர் ஒன்றுதான். அதற்கு வக்கீல் வேண்டாம், கட்டணம் வேண்டாம். மைக் கையில் இருக்கும்போது ஐந்து விநாடி. அதைத்தான் நான் என் அப்பாவுக்குத் தரவில்லை.

ரிசப்ஷன் மண்டபத்தில் என் கால் நின்றது இதனால்தான். ஆனாலும் போனேன். பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடிக்க ஒதுங்கிய பையனிடம், "தம்பி, நல்லா பாடறீங்க. அந்தப் பாட்டு 'குணா' படம், இளையராஜா இசை. எழுதினது வாலி, சீரங்கத்துக்காரர். அடுத்த தடவை சேர்த்துச் சொல்லுங்க" என்றேன்.

கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். செல்போனை எடுத்துக் குறித்துக்கொண்டான். "தேங்க்ஸ் சார். அடுத்து 'பொன்மகள் வந்தாள்' இருக்கு. அது யாரு சார், கண்ணதாசனா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆலங்குடி சோமு" என்றேன். மேடையில் அதை அப்படியே சொன்னான். "எழுபதாம் வருஷம்" என்று நான் சொல்லாததையும் சேர்த்துக்கொண்டான். தேடிப் பார்த்திருக்கிறான். பையன் தேறிவிடுவான்.

இந்த வருஷம் ஆடியில் எங்கள் தெருக் கோயிலில் அந்தக் கேசட் பாட்டு மறுபடி ஓடியது. இப்போது பென் டிரைவ். மைக் செட்காரரிடம் போய், "தம்பி, முடிஞ்சதும் ஒரு நிமிஷம் மைக்கைக் குடுங்க" என்றேன். கை நடுங்கியது. இன்ஷியலோடு அப்பா பெயரைச் சொன்னேன். "எழுதியவர், காட்டூர். வெல்டர். மெட்டமைத்து முதலில் பாடியது எங்கள் குழுவின் அக்கா" என்று அவர் பெயரையும் சொன்னேன்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூழ் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தை பலூனுக்கு அழுதது. மைக் செட்காரர், "முடிஞ்சுதா சார்?" என்று கேட்டு மைக்கை வாங்கிக்கொண்டு அடுத்த பாட்டைப் போட்டார்.

முடிந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் தாமதமான ஓர் அறிவிப்பு.